பழைய ஃபிளாப்பி டிரைவ்களை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் நம் கொங்குப் பகுதியில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பதும், அட்டாலியில் கிடக்கும் சாமான்களை இறக்கித் துடைப்பதும், வேண்டாதவற்றைப் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போடுவதும் வழக்கம். நூற்பாலை அலுவலகங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் அச்சகங்களிலும் பூட்டிக் கிடந்த அறைகள் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் ஒழிக்கப்படுகின்றன. அவ்வாறு வெளியேறும் பொருள்களில் 1980களையும் 1990களையும் சேர்ந்த கணினித் துணைக் கருவிகள் ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அக்கருவிகளைத் தேடிச் சேகரித்து, பழுது நீக்கி, அவற்றின் துணையால், அக்காலத்தில் கோப்புகளைச் சேமித்து வைத்த காந்த டிஸ்குகளான ஃபிளாப்பிகளில் உள்ளவற்றை இன்றைய கணினிக்கு மாற்றித் தரும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், தங்கள் நாளிதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன்.

ஃபிளாப்பிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அப்பா எழுதியது, அண்ணன் படித்த காலத்துப் புராஜெக்ட், கம்பெனி தொடங்கிய காலத்துக் கணக்கு என்று பீரோவின் அடித்தட்டில் ஒரு பெட்டி இருக்கும். ஆனால் அந்த ஃபிளாப்பிகளை எழுதிய கணினி எங்கே என்று கேட்டால், அது எப்போதோ எடைக்குப் போய்விட்டது என்பார்கள். டிஸ்கில்தான் விஷயம் இருக்கிறது, அதைச் செருகிப் படிக்கும் டிரைவ் வெறும் இரும்பு என்ற எண்ணமே இதற்குக் காரணம். நடைமுறையில் டிஸ்கைவிட டிரைவ்தான் இன்று அரிதாகி வருகிறது. டிரைவும் அதற்குரிய கேபிளும் இல்லாமல் போனால், டிஸ்க் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அதிலிருந்து ஓர் எழுத்தைக்கூட எடுக்க முடியாது. ஆகவே டிஸ்கையும் டிரைவையும் பிரிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதில் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்களுக்காகச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் கணினி முதலில் நுழைந்தது வேடிக்கைப் பொருளாக அன்று, வேலைக்காரனாகத்தான் நுழைந்தது. நூற்பாலையின் சம்பளப் பட்டியல், பனியன் ஏற்றுமதியாளரின் பேக்கிங் லிஸ்ட், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் வரவுசெலவு, நாமக்கல், சங்ககிரி லாரி அலுவலகங்களின் புக்கிங் ஏடு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்ட கணக்கு ஆகியவை லோட்டஸ் 1-2-3, டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற அக்கால மென்பொருள்களின் கோப்புகளாக எழுதப்பட்டன. கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும் டிடிபி மையங்கள் தெருவுக்குத் தெரு வந்த பிறகு, கோயில் குடமுழுக்கு மலர்கள், குலதெய்வக் கோயில்களின் வரிதாரர் பட்டியல்கள், உள்ளூர்ச் சிற்றிதழ்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய உடுக்கடிப் பாட்டுகள், கல்லூரி ஆய்வேடுகள் எல்லாம் ஃபிளாப்பியில்தான் அச்சகத்துக்குப் போய் வந்தன. அச்சான பிரதி கிடைக்காத இடத்தில் அந்த ஃபிளாப்பி மட்டுமே எஞ்சிய மூலமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மஞ்சள் எந்த ஆண்டு என்ன விலை போனது, ஒரு சிற்றூரில் எத்தனை குடும்பங்கள் வரி கொடுத்தன என்பது போன்ற செய்திகளைப் பிற்காலத்து ஆய்வாளர் வேறெங்கே தேடுவார்?

இக்கோப்புகளின் காலத்தைக் கணிப்பதே தனியொரு வேலை. அக்காலத்து எளிய கணினிகள் பலவற்றில் கடிகார பேட்டரி கிடையாது, அல்லது தீர்ந்து போயிருக்கும். தேதி கேட்கும்போது ஊழியர் எண்டர் விசையை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார். டாஸ் இயங்குதளம் அப்போது 1980 ஜனவரி 1 என்ற தேதியையே எல்லாக் கோப்புகளின் மீதும் குத்திவிடும். அத்தகைய கோப்புகளில் முகவரிகள்தான் துணை. ஈரோடு என்பதற்குக் கீழே பெரியார் மாவட்டம் என்று இருந்தால் அது 1979-க்குப் பின், மாவட்டத்தின் பெயர் ஈரோடு என மாறுவதற்கு முன் எழுதப்பட்டது. கரூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தால் 1995-க்கு முந்தையது. நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தால் 1997-க்கு முந்தையது. திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருந்தால் 2009-க்கு முந்தையது. சாதாரணமான ஒரு முகவரிப் பட்டியல்கூட இவ்வாறு தன் காலத்தைத் தானே சொல்லிவிடும்.

இனி டிரைவைப் பற்றிச் சொல்கிறேன். ஐபிஎம் நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த 8 அங்குல ஃபிளாப்பி நம் பக்கத்து வீடுகளில் காணக் கிடைப்பதில்லை. 1976-இல் ஷுகார்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய 5.25 அங்குல வகையும், அதன் பின்னர் சோனி உருவாக்கிய 3.5 அங்குல வகையுமே இங்கு மிகுதி. 5.25 அங்குல வகையிலேயே இரண்டு உண்டு. பழைய 360 கிலோபைட் டிரைவ் ஒரு பக்கத்தில் 40 டிராக்குகளை, அதாவது வட்டத் தடங்களை எழுதும். பின்னால் வந்த 1.2 மெகாபைட் டிரைவ் அதே இடத்துக்குள் 80 டிராக்குகளை எழுதும். எனவே பின்னதன் ஹெட் (படித்து எழுதும் முனை) முன்னதன் ஹெட்டில் ஏறத்தாழப் பாதி அகலமே கொண்டது. 360 கிலோபைட் டிஸ்கை 1.2 மெகாபைட் டிரைவில் படிக்கலாம். ஹெட்டை ஒவ்வொரு முறையும் இரண்டு படி நகர்த்தினால் போதும். ஆனால் அதே டிஸ்கின் மேல் அந்த டிரைவால் எதையேனும் எழுதிவிட்டால், அகலமான பழைய தடத்தின் நடுவே ஒடுங்கிய புதுத் தடம் விழுந்து, ஓரங்களில் பழைய பதிவின் மிச்சம் நிற்கும். பிறகு 360 கிலோபைட் டிரைவில் போட்டால் இரண்டும் சேர்ந்து கேட்டு அது குழம்பிப்போகும். பழைய டிஸ்கில் எதையும் எழுத விடக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஹெட்டின் அலைன்மென்ட், அதாவது ஹெட் தடத்துக்கு நேராக நிற்பது. ஒவ்வொரு டிரைவும் தன் ஹெட் நிற்கும் இடத்தில்தான் தடத்தைப் போடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடி ஹெட் ஒரு மயிரிழை விலகிய டிரைவ், விலகிய இடத்தில் எழுதி, விலகிய இடத்திலேயே படித்துக்கொள்ளும். அதன் சொந்தக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. அந்த டிஸ்கைச் சரியான அலைன்மென்ட் உள்ள வேறொரு டிரைவில் போடும்போதுதான் பிழைகள் வரும். அவிநாசிப் பக்கம் முன்பு டைப்பிங் சென்டர் நடத்திய ஒருவரின் டிஸ்குகள் எனக்கு வந்தபோது இதுதான் நேர்ந்தது. என்னிடம் இருந்த டிரைவ்களில் எதைப் போட்டாலும் வெளித் தடங்கள் சிலவற்றை மட்டும் படிக்க முடிந்தது, அதற்குமேல் பிழை மட்டுமே வந்தது. அவருடைய பழைய கணினியின் பெட்டி தோட்டத்துக் கட்டுத்தறியில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கிடப்பதாகப் பிறகு தெரியவந்தது. அதிலிருந்த டிரைவைக் கழற்றியபோது, ஹெட் நகரும் தண்டவாளம் முழுவதும் பஞ்சுத் தூசி படிந்து, பழைய கிரீஸோடு சேர்ந்து மெழுகாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கையால் மெல்ல நகர்த்திப் பார்த்து, பின்னர் அதே டிஸ்குகளைப் போட்டேன். வேறெங்கும் படிக்க முடியாத தடங்களை அது கடைசிவரை தடங்கலின்றிப் படித்தது. கட்டுத்தறியில் இருந்த அந்தப் பெட்டியை யாராவது ஒரு வருடத்துக்கு முன்பே எடைக்குப் போட்டிருந்தால், அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் ஆகியிருக்கும்.

புதிய டிரைவ் வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3.5 அங்குல டிஸ்கை மட்டுமே ஏற்கும். அதிலும் வழக்கமான பிசி அமைப்பில் எழுதியவற்றை மட்டுமே படிக்கும். 5.25 அங்குல டிரைவை நேரடியாக இணைக்க வேண்டிய 34 முனைக் கேபிளுக்கான இடமே இன்றைய மதர்போர்டுகளில் இல்லை. 1998-இல் ஆப்பிள் ஐமேக் ஃபிளாப்பி டிரைவ் இல்லாமலே வந்தது. சோனி தன் ஃபிளாப்பி விற்பனையை ஜப்பானில் 2011 மார்ச்சோடு நிறுத்தியது. 5.25 அங்குல டிரைவ்களோ அதற்கு முன்பே உற்பத்தியிலிருந்து போய்விட்டன. ஆகவே இனி நமக்குக் கிடைக்கப்போவது ஏற்கெனவே இருப்பவை மட்டுமே. ஆறுதலான செய்தி என்னவென்றால், பழைய டிரைவை இன்றைய கணினியோடு யுஎஸ்பி வழியே இணைக்கும் சிறு பலகைகள் வந்துள்ளன. கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற இக்கருவிகள் கோப்பு, செக்டார் (டிராக்கின் ஒரு துண்டு) என்று பார்ப்பதில்லை. ஹெட்டின் கீழ் காந்தப்புலம் திசை மாறும் ஒவ்வொரு நொடித்துளியையும் அப்படியே பதிவு செய்துகொள்கின்றன. அப்பதிவிலிருந்து செக்டார்களைப் பிரித்தெடுப்பதைப் பின்னர் மென்பொருள் செய்யும். ஒரு டிராக்கைப் பல சுற்றுகள் படித்து, ஒரு சுற்றில் கெட்டதை இன்னொரு சுற்றில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பவும் வழியுண்டு. கிரீஸ்வீசிலின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. விலையும் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் எந்தப் பலகையானாலும் டிஸ்கைச் சுழற்றி ஹெட்டை நகர்த்துவதற்கு ஒரு பழைய டிரைவ் வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

டிஸ்கை டிரைவில் செருகுவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 5.25 அங்குல டிஸ்கின் உறையில் உள்ள நீள்வட்டத் திறப்பின் வழியே காந்தத் தாள் தெரியும். உறையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடுத்துளையில் விரல் வைத்து மெல்லச் சுற்றிப் பார்த்தால், நல்ல டிஸ்க் ஒரே சீராகப் பளபளக்கும். வெண்மையான புள்ளிகளோ மங்கலான திட்டுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழையும் படும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து டிஸ்குகளில் பூஞ்சை அதிகம். காங்கேயம், வெள்ளகோவில், கரூர்ப் பக்கத்து டிஸ்குகள் பெரும்பாலும் காய்ந்து சுத்தமாக இருக்கும், ஆனால் ஆலைப் பகுதிகளில் பஞ்சுத் தூசி தொல்லை தரும். பூஞ்சை பிடித்த டிஸ்கை அப்படியே போட்டால் அது ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல டிஸ்கையும் வட்டமாகக் கீறிவிடும். உறையைப் பிரித்துத் தாளை எடுத்துத் துடைப்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. சில தயாரிப்புகளில் பூச்சே பொடிப்பொடியாக உதிர்ந்து வருவதுண்டு; அவற்றைத் தொடாமல் வைத்திருப்பதே மேல். எழுதுதடையை மறக்கக்கூடாது. 5.25 அங்குல டிஸ்கின் ஓரத்துப் பள்ளத்தின் மேல் ஒளி புகாத ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும், 3.5 அங்குல டிஸ்கிலோ மூலையில் உள்ள சிறு கதவைத் திறந்து துளை தெரியும்படி வைக்க வேண்டும். ஒன்றில் மூடினால் தடை, மற்றதில் திறந்தால் தடை.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிஸ்கைச் செருகியதும் இது ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், தயவு செய்து சம்மதம் தராதீர்கள். பல சமயம் அதற்குப் பொருள் டிஸ்க் வெறுமையாக இருக்கிறது என்பதன்று. அந்த டிஸ்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை என்பதே. கோப்பு கோப்பாகக் காப்பி செய்வதும் பழைய டிஸ்குக்கு ஏற்றதன்று, ஏனெனில் ஹெட் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். படிக்க முடியாத இடத்தில் டாஸ் அபார்ட், ரிட்ரை, ஃபெயில் (விடு, மீண்டும் முயல், தவறெனக் கொள்) என்று கேட்கும்போதெல்லாம் ரிட்ரையையே அழுத்திக்கொண்டிருந்தால் உரியத் தொடங்கிய பூச்சு மேலும் உரியும். டிஸ்க் முழுவதையும் முதல் டிராக்கிலிருந்து கடைசி டிராக் வரை ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது முழு நகலாக எடுத்துக்கொண்டு, டிஸ்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்ற ஆராய்ச்சியை அந்த இமேஜின் மேல் செய்வதே முறை. இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் ஒரு 3.5 அங்குல டிஸ்கின் இமேஜ் 14,74,560 பைட்தான். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுக்குள் அடங்கிவிடும் அளவு. இடம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

பள்ளிகளில் இருந்து வரும் டிஸ்குகள் வேறு வகை. 1984-இல் நடுவண் அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைச் சோதனை முறையில் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்டது பிபிசி மைக்ரோ என்ற ஆங்கிலேய வீட்டுக்கணினி. அதன் டிஸ்க் அமைப்பு பிசியினுடையதைப் போன்றதன்று. டிராக்குக்கு 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட், அதுவும் எஃப்எம் என்ற பழைய பதிவு முறையில். யுஎஸ்பி டிரைவ் மட்டுமன்றிப் பழைய பிசிகளில் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர்கள் பலவும் இதைப் படிக்காது. மேலே சொன்ன பலகைகளால் படிக்கலாம். ஸ்பெக்ட்ரம் வகை வீட்டுக்கணினிகள் நிரல்களை ஒலிநாடாக் கேசட்டில் வைத்தன. நல்ல டேப் ரெக்கார்டர் ஒன்றின் ஹெட்ஃபோன் முனையைக் கணினியோடு இணைத்துப் பதிவு செய்தாலே அவற்றை மீட்டுவிடலாம்.

தமிழ்க் கோப்புகளில் டிஸ்கைப் படித்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. கோப்பைத் திறந்தால் திரையில் வருவது தமிழாக இருக்காது. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய ஒலிக்குறிகளும் கலந்த ஒரு சிதறலாக இருக்கும். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனித்தனிக் குறியேற்றம் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாடு) வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற இரு குறியேற்றத் தரங்கள் வந்தன. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யுனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் எழுதியவற்றை மாற்றுவதற்கு எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரிந்தாக வேண்டும். பழைய முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன. "கொ" என்பது முதலில் கொம்பு, பின்பு ககரம், பின்பு கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யுனிகோடிலோ ககரம் முதலில் வந்து, ஒகரக் குறி பின்னால் வரும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். எழுத்துரு இருந்த நிறுவல் டிஸ்க் கைக்குக் கிடைத்தால் இவ்வேலை ஒரு மாலைப்பொழுதில் முடியும். கிடைக்காவிட்டால் அச்சான பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாக ஊகிக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அச்சக உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காலத் தமிழ் டிடிபி மென்பொருள்கள் பலவற்றுக்கு ஹார்டுவேர் லாக் என்ற ஒரு சிறு கட்டை உண்டு. கணினியின் பின்புறம் பிரிண்டர் கேபிளுக்கும் பேரலல் போர்ட்டுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கும். தீப்பெட்டி அளவுள்ள அதைப் பார்ப்பவர்கள் ஏதோ உடைந்த பிளக் என்று நினைத்து வீசிவிடுகிறார்கள். அது இல்லாமல் அந்த மென்பொருள் திறக்காது. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளும், தமிழ் எழுத்துரு டிஸ்குகளும், அந்தக் கட்டையும் ஒன்றாக இருந்தால், ஒரு குடமுழுக்கு மலரைப் பக்க அமைப்போடு அப்படியே மீட்டெடுக்க முடியும்.

திருப்பூரின் எம்பிராய்டரிக் கூடங்களுக்கும் இளம்பிள்ளை, பவானிப் பக்கத்து நெசவுத் தொழிலுக்கும் இது வேறொரு வகையில் உரியது. கணினி எம்பிராய்டரி இயந்திரங்கள் நீண்ட காலம் டிசைனை 3.5 அங்குல ஃபிளாப்பியில்தான் வாங்கின. தறியில் பூவேலை நெய்ய உதவும் மின்னணு ஜக்கார்டுகளில் சிலவும் அப்படியே. இப்போது ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பென் டிரைவ் செருகும் கோடெக் போன்ற மாற்றுக் கருவியைப் பொருத்துகிறார்கள். இயந்திரம் இன்னும் பல ஆண்டு ஓடும் என்பதால் அது நல்ல ஏற்பாடுதான், நானே சிலருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். கழற்றிய டிரைவும் டிசைன் ஃபிளாப்பிகளும் குப்பைக்குப் போவதுதான் வருத்தம். பஞ்சிங் (டிசைனைத் தையலாக மாற்றி அமைத்தல்) செய்தவர் ஒரு பூவின் இதழுக்குத் தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும் என்று தையல் தையலாக யோசித்து அமைத்த வேலை அது. அவர் பெயர் துணியில் வருவதில்லை. அவர் கைத்திறனுக்குச் சான்றாக நிற்பது அந்த ஃபிளாப்பி ஒன்றுதான். சில பழைய இயந்திரங்கள் டாஸ் அல்லாத தம் சொந்த அமைப்பில் டிஸ்கை எழுதின என்பதால், பிசியில் போட்டுப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; லாரி அலுவலகங்களில் கார்பன் வைத்த பில் அடிக்க அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விசைப்பலகை, மானிட்டர், பேரலல் கேபிள் ஆகியவற்றையும் பழைய கணினியோடு சேர்த்தே வைத்திருங்கள் என்பது மட்டும்.

சேகரிப்பாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஓடாத டிரைவைவிட ஓடுகிற டிரைவே சேகரிப்புக்குப் பெருமை என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒருமுறையேனும் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்க்காத டிரைவ் தண்டவாளத்தில் இறுகிவிடும். கோவையில் ஜி.டி.நாயுடு திரட்டி வைத்த இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கழற்றிப் பார்த்துச் சரிசெய்யும் கை இங்கே நிறைய உண்டு. பீளமேட்டிலும் கணபதியிலும் மோட்டார் பம்பு கட்டும் பட்டறைகளில் ஒரு சிறிய ஸ்பிரிங்கையோ புஷ்ஷையோ மாதிரி பார்த்துச் செய்து தர மறுப்பவரை நான் கண்டதில்லை. உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் ஆகும் என்று கைவிட வேண்டியதில்லை.

தனிமனிதர்கள் அங்கொருவர் இங்கொருவராகச் செய்துகொண்டிருந்தால் இது முடிகிற வேலை அன்று. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு மேசை போதும்: ஒரு சாதாரணக் கணினி, ஒரு 3.5 அங்குல டிரைவ், ஒரு 360 கிலோபைட் டிரைவ், ஒரு 1.2 மெகாபைட் டிரைவ், காந்த மாற்றங்களைப் பதியும் பலகை ஒன்று, பழகிய கை ஒன்று. கோவையில் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெரியார் நூலகமும் அறிவியல் மையமும் இதற்கு மிகப் பொருத்தமான இடம் என்று கருதுகிறேன். அங்கே வரும் பிள்ளைகளுக்கு, செய்தி காந்தமாக எப்படிப் பதிகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டவும் முடியும். எங்கள் பகுதிப் பொறியியல் கல்லூரிகளின் பழைய ஆய்வுக்கூடங்களில் டிரைவ்கள் நிச்சயம் இருக்கும். இருப்புப் பதிவேட்டிலிருந்து கழித்துவிடும் முன் அவற்றை இத்தகைய மேசைக்குத் தர முன்வர வேண்டும். அச்சு நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்னுருவாக்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையிலும் குறியேற்ற மாற்றத்திலும் வழிகாட்டலாம்.

இதில் கவனம் வேண்டிய ஓர் அம்சம் உண்டு. டிஸ்கில் இருப்பது ஒரு குடும்பத்தின் கடிதமாகவோ, ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலாகவோ இருக்கலாம். பழைய இரும்புக்கடையில் வாங்கிய பெட்டிக்குள் ஃபிளாப்பி இருந்தால், அதில் உள்ளதும் வாங்கியவருக்கே சொந்தம் என்று நினைப்பது முறையன்று. உரியவரைத் தேடிக் கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் இமேஜை அழித்துவிட வேண்டும். பொதுவில் வைக்கலாம் என்று அவர் எழுதித் தந்ததை மட்டுமே வைக்க வேண்டும். நூலக மேசை அமைந்தால் அதற்கும் இதுவே விதியாக இருக்கட்டும். உண்மையிலேயே பயன்படாத பலகைகளையும் மானிட்டர்களையும் போகியன்று கொளுத்துவதோ குப்பையில் எறிவதோ கூடாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாகத் தங்களிடமே ஒரு விண்ணப்பம். கொங்குப் பகுதியில் வெளிவரும் நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள் ஒரு காலத்தில் செய்திகளை ஃபிளாப்பியில்தான் அலுவலகத்துக்கு அலுவலகம் அனுப்பிக்கொண்டன. அச்சில் இடமில்லாமல் விடுபட்ட செய்திகளும், வெட்டிச் சுருக்கப்படாத முழு வடிவங்களும் அவற்றில் இருக்கக்கூடும். தங்கள் அலுவலகத்தின் பழைய பொருள் அறையில் அத்தகைய பெட்டிகள் இருந்தால், அவற்றோடு எந்த டிரைவ், எந்தத் தமிழ் எழுத்துரு பயன்பட்டது என்பதை அக்காலத்தில் பணியாற்றிய டிடிபி ஊழியர் ஒருவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படித்து மாற்றித் தரும் வேலையை எந்தக் கட்டணமும் இன்றிச் செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கணினிக் கருவிகளைச் சேகரித்துவரும் வாசகர்,
ஈரோடு.